வாக்குச் சாவடிக்கு வராதவர்கள்

அமெரிக்கத் தேர்தல்களையும் வாக்களிப்பு நடத்தையையும் ஆராயும் இம்மாநாட்டின் தலைமைப் பொறுப்பு ஏற்பவருக்குப் பெருமை தருவது. துறைபோகிய அறிஞர்கள் நிறைந்த அவையில் பேச வேண்டியிருப்பதால் அச்சமும் தருவது. மாநாட்டுப் பொருளின் அடிப்படைகள் அவையோர் நன்கறிந்தவை. வாக்காளரின் முடிவு அவருடைய சமயம், வர்க்கம், வாழிடம் ஆகியவற்றோடு பிணைந்தது என்று 1940ஆம் ஆண்டுத் தேர்தலை ஒஹையோவின் ஈரி கவுண்டியில் ஆராய்ந்த லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் காட்டியதும், இளமையில் படிந்து நீடிக்கும் கட்சிப்பற்றே முதன்மையானது என்று மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்கள் 1960இல் வாதிட்டதும், மக்கள் ஆட்சியின் நடப்பைத் திரும்பிப் பார்த்தே தீர்ப்பளிக்கிறார்கள் என்று வி. ஓ. கீ எழுதியதும் அடுத்த அமர்வுகளில் விரிவாகப் பேசப்படும். இவ்வுரை எடுத்துக்கொள்வது, இம்மரபுகள் உரிய இடம் தராத ஒரு பழைய ஆய்வை.

1923ஆம் ஆண்டு சிகாகோ மேயர் தேர்தலில் வாக்களிக்காத ஏறத்தாழ 6,000 பேரிடம் காரணம் கேட்டறிந்து, சார்லஸ் மெரியமும் ஹரால்ட் காஸ்னெலும் மறு ஆண்டே நூலாக வெளியிட்டனர். நோய், வெளியூர்ப் பயணம், பதிவு விதிகள், பெண்கள் வாக்களிப்பதில் நம்பிக்கையின்மை எனக் காரணங்கள் பலவாயினும், அக்கறையின்மை என்ற தலைப்பின்கீழ் வந்தவர்களே மிகுதி. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காஸ்னெல் அங்கே நின்றுவிடவில்லை. 1924ஆம் ஆண்டு அதிபர் தேர்தலுக்கு முன் சிகாகோவில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பெயரைப் பதிந்துகொள்ளுமாறு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, அது கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டார். பெற்றவர்களே கூடுதலாகப் பதிந்திருந்தனர். ஓர் அஞ்சல் அட்டைக்கு இளகும் அக்கறையின்மையை மனிதரின் இயல்பாகக் கொள்வது எப்படிப் பொருந்தும்?

அவர் மக்களைப் பிரித்த முறை இன்றைய குலுக்கல் முறைக்கு ஈடாகாது என்ற மறுப்பு நியாயமானதே. எனினும் 1998இல் நியூ ஹேவனில் கெர்பரும் கிரீனும் குலுக்கல் முறையிலேயே நடத்திய ஆய்வில், அஞ்சலின் பயன் சிறிதாகவும், நேரில் சென்று அழைத்ததன் பயன் பெரிதாகவும் வெளிப்பட்டது. அழைப்பாருண்டா என்பது வாக்களிப்பைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்று என்ற காஸ்னெலின் கருத்து அதனால் வலுப்பெற்றதே தவிரக் குலையவில்லை.

எல்மைரா நகர வாக்காளர்களை ஆராய்ந்து 1954இல் வெளிவந்த நூலில், மக்களில் ஒரு பகுதியினரின் ஈடுபாடின்மை மக்களாட்சியின் நிலைபேற்றுக்கு உதவுகிறது என்று பெரல்சன் எழுதினார். அவருடைய புலமைக்கு உரிய மதிப்பை முழுமையாக அளித்தபின்னும், இம்முடிவை ஏற்பதற்கில்லை. அவர் எழுதிய நாளில் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் அச்சுறுத்தலும் வாக்குச் சாவடியிலிருந்து விலக்கி வைத்திருந்தன. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தபின் அங்கே பதிவு விரைந்து உயர்ந்தது. மிச்சிகன் அறிஞர்கள் தேர்தல் சட்டங்களுக்கு ஓர் இயல் ஒதுக்கியது உண்மையே. ஆனால் அந்த இயலைப் பின்வந்தோர் மறந்து, கட்சிப்பற்றையே பற்றிக்கொண்டனர்.

அமெரிக்காவில் அரசு தானே வீடுதோறும் வந்து வாக்காளர் பட்டியல் தயாரிப்பதில்லை. பெயரைப் பதிந்துகொள்ளும் சுமை நெடுங்காலமாகக் குடிமகனையே சேர்ந்திருக்கிறது. வட டகோட்டாவில் மட்டுமே பதிவு என்ற படியே இல்லை. வீடு மாறுவோர், இளைஞர், வாடகைக்குக் குடியிருப்போர் ஆகியோரை இந்தப் பதிவுப் படி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை ஆராயாமல் அவர்கள் மனப்பாங்கை மட்டும் அளப்பது அரைகுறை ஆய்வாகும். வாக்களித்தோர் விழுக்காட்டைக் கணக்கிடுவதிலும் இதே குறை நெடுங்காலம் நிலவியது. வயது வந்தோர் அனைவரையும் அடித்தொகையாகக் கொண்டால், குடியுரிமையற்றோரும் தண்டனையால் வாக்குரிமை இழந்தோரும் வாக்களிக்காதவராகவே எண்ணப்படுவர். 1972க்குப் பின் நிகழ்ந்ததாக வருந்தப்பட்ட சரிவு இக்கணக்கினால் தோன்றியதே என்று மெக்டொனால்டும் பாப்கினும் 2001இல் காட்டினர். எனவே இம்மாநாட்டில் வாக்காளரின் அக்கறையின்மையைப் பேசவிருக்கும் ஒவ்வொரு கட்டுரையும், எந்த அடித்தொகையைக் கொண்டது, எந்த மாநிலத்தின் பதிவு விதியின்கீழ் அளந்தது என்பதை முதலில் கூற வேண்டும். கூறாத கட்டுரையின் முடிவை இவ்வவை ஏற்கலாகாது.