கரிசல் காட்டில் புழுதி விதைப்பு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரே நாளில் மூன்று விதமான மண்ணைப் பார்த்துவிடலாம். சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் செக்கச்செவேலென்று தேரி மணல். கயத்தாறு வட்டாரத்தில் பல ஊர்களில் செவல். எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல். மழை எல்லாருக்கும் ஒரே மாதிரி பெய்தாலும், அதை மண் வாங்கிக்கொள்ளும் விதம் வேறு. அதைத் தெரிந்து விதைத்தால் மானாவாரி வெள்ளாமையில் பாதிக் கவலை தீரும்.

கரிசலில் களிச்சத்து மிக அதிகம். தண்ணீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரத்தை நாள் கணக்கில் பிடித்து வைத்திருப்பதால்தான் மழை நின்ற பிறகும் பருத்தி பனி ஈரத்தோடு நின்று காய்க்கிறது. இது கரிசலின் நல்ல குணம்.

ஆனால் இன்னொரு குணமும் உண்டு. காய்ந்த கரிசல், பெய்த மழையில் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைப் பயிருக்குக் கொடுக்கும். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் மணல் பூமியில் ஒரு அடி ஆழம் நனையும். அதே மழைக்கு, வெடிப்பு இல்லாத காய்ந்த கரிசலில் அரை அடிகூட நனையாது. சிறு தூறலுக்கு மேல் மண் கறுத்துத் தெரியும். தோண்டிப் பார்த்தால் கீழே புழுதிதான் இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும், புரிந்துகொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விளாத்திகுளம் பக்கம் ஒரு பெரியவரிடம், “ஐயா, மழை பெய்யட்டும், நல்ல ஈரத்தில் விதைக்கலாம்” என்று சொன்னேன். அவரும் என் பேச்சை நம்பிக் காத்திருந்தார். ஐப்பசியில் மழை பிடித்தது, விடவில்லை. காடு சேறாகிவிட்டது, ஏரும் இறங்கவில்லை, டிராக்டரும் இறங்கவில்லை. மண் பதத்துக்கு வரப் பத்து நாளைக்கு மேல் ஆயிற்று. அவர் சோளம் விதைத்தபோது, புரட்டாசியிலேயே புழுதியில் விதைத்த பக்கத்துக் காட்டில் பயிர் முழங்கால் உயரம் நின்றது. மார்கழியில் மழை ஓய்ந்ததும் பெரியவர் பயிர் பாலேறாமல் காய்ந்தது. “பரவாயில்லை தம்பி, தட்டையாவது மாட்டுக்கு ஆச்சு” என்றார். அந்த வார்த்தை இன்னும் என் மனசில் இருக்கிறது.

செவலில் மழை விட்ட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஏர் இறக்கலாம். கரிசல் அப்படி விடாது. நமக்கு நம்பிக்கையான மழை ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம்தான். அதில் பத்து நாளைச் சேற்றுக்குக் கொடுக்க முடியுமா? அதனால்தான் கரிசலில் பருத்திக்கும் சோளத்துக்கும் புழுதி விதைப்பு சொல்கிறோம். புரட்டாசி முதல் இரண்டு வாரம் இதற்கு ஏற்ற காலம்.

இதில் உயிர்நாடி ஆழம்தான். விதை 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் கீழே விழ வேண்டும். மேலாக விழுந்த விதை முதல் தூறலுக்கே ஏமாந்து முளைத்துவிடும். அடுத்த மழை தள்ளிப்போனால் கருகிவிடும். விதைக் காசும் போச்சு, காலமும் போச்சு. இரண்டு அங்குலம் கீழே இருக்கும் விதைக்கு ஈரம் எட்ட வேண்டுமானால் 20, 25 மில்லிமீட்டராவது பெய்தாக வேண்டும். அப்படி ஒரு மழை பெய்துவிட்டால், முளைத்த பயிரைச் சில நாள் காப்பாற்றும் ஈரமும் மண்ணில் இருக்கும். ஆகவே அந்த இரண்டு அங்குல மண்தான் விதைக்குப் பூட்டு. போதுமான மழைதான் அதன் சாவி.

கையால் வீசி விதைத்தால் இந்த ஆழம் ஒரே சீராக வராது. கலப்பைச் சாலிலோ, டிராக்டரில் பூட்டிய விதைக்கும் கருவியிலோ போடுங்கள். ஒரு சாலைக் கிளறி ஆழத்தை விரலால் பார்த்துக்கொண்டு மேலே போங்கள். எறும்புப் புற்று இருந்தால் முன்னாலேயே கலைத்துவிடுங்கள்.

சோள விதையைக் கடினப்படுத்தி விதைப்பது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் உப்பைக் கரையுங்கள். விதையை அதில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய காய்ச்சல் வரும்வரை நிழலில் உலர்த்துங்கள். அப்படிச் செய்த விதை மழை கிடைத்ததும் சட்டென்று முளைக்கும். இடையில் வறட்சி வந்தாலும் கொஞ்சம் தாங்கும்.

உரத்துக்கும் மண்ணின் குணம் பார்க்க வேண்டும். நம் கரிசலில் சுண்ணாம்பு அதிகம். வெள்ளைச் சுக்கான் கற்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே தூவிய மணிச்சத்தை அது கட்டிப்போட்டுவிடும். அதனால் மணிச்சத்து உரத்தை மக்கிய தொழுவுரத்தோடு கலந்து அடியுரமாகச் சாலில் இடுங்கள். அதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துக்கொண்டால் வீண் செலவு மிஞ்சும். கிடை போட ஆடு கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த முறையை அப்படியே செவல் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே சிறு மழையே இரண்டு அங்குலம் இறங்கி விதையை முளைக்க வைத்துவிடும். ஈரமோ சீக்கிரம் காய்ந்துவிடும். செவலில் நல்ல மழை பெய்த பிறகு ஈரத்தில் விதைப்பதே பத்திரம். இரண்டு மண்ணும் கலந்து வைத்திருப்பவர்கள் கரிசலைப் புரட்டாசியில் முடித்துவிட்டு, செவலுக்கு மழையை எதிர்பார்க்கலாம்.

இந்த ஆண்டு விதைக்குமுன் காட்டில் ஒரு இடத்தில் ஒரு அடி தோண்டி, மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். மண் சொல்வதைக் கேட்டு விதையுங்கள்.