உடவத்தைக் காடு
(சங்கச் சுற்றுலாவின் முன்னாள் நிகழ்த்திய பேச்சு)



நாளை நாம் கண்டிக்குச் செல்கின்றோம். தலதா மாளிகைக்குப் பின்னால், குன்றின்மீது ஏறக்குறைய 257 ஏக்கர் பரப்பில் விளங்கும் உடவத்தைக் காட்டையும் காணவிருக்கின்றோம். கண்டி மன்னர் காலத்தில் அது அரண்மனைக்குரிய வனம். குடிமக்கள் புக அனுமதியில்லை. 1856இல் அரசாங்க ஒதுக்குக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் ஆயிற்று. தேசாதிபதி ஹோர்ட்டனின் மனைவியார் பெயரால் வழங்கும் பாதையில் இன்று எவரும் நுழைவுச்சீட்டுப் பெற்று நடக்கலாம்.

குரங்குகளையும், முறுக்கேறிய பெருங்கொடிகளையும் பார்ப்பீர்கள். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அங்குள்ள பசுமை யாவும் நலமான பசுமையன்று. அந்நிய நாடுகளிலிருந்து வந்த மகோகனியும் பெரு பால்சம் மரமும் பெருகி, சுதேச மரங்களின் கன்றுகளுக்கு இடமில்லாமற் செய்கின்றன. கோடரி படாமலே ஒரு காடு அழியக்கூடும்.

சிதம்பரத்தை நினையுங்கள். தில்லைவனம் என்பது அதன் பெயர். தில்லை மரங்களைக் காண இன்று பிச்சாவரத்துக்குப் போகவேண்டும். பெயர் நிலைத்தது, வனம் நிலைக்கவில்லை. தலவிருட்சத்தைக் கும்பிடும் நமக்கு இது பாடமாகட்டும்.

ஆகவே மெல்லப் பேசுங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். பொலித்தீன் பைகளை எறியாதீர்கள். மழை பெய்தால் அட்டை கடிக்கும். அதற்காகக் காட்டை வையாதீர்கள். அது அதன் வீடு, நாமே விருந்தினர். திரும்பி வந்தபின் ஆளுக்கொரு மருதோ இலுப்பையோ நட்டு, அது வேரூன்றும்வரை நீரூற்றுங்கள். அதுவே இந்த யாத்திரையின் பலன்.