ஞாயிற்றுக்கிழமை மிஸ்திரிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் சிலம்பையும் கம்பனையும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இன்று ஸ்பானரையும் கிரீஸையும் பற்றிய பேச்சை அளிக்க நேர்ந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறோம். செயற்குழுவினர் தலைப்பைக் கேட்டபோது, "நம் வண்டியை நாமே பழுதுபார்க்கையில் செய்யும் பிழைகள்" என்றோம். சிரித்தார்கள். சிரித்தவர்களில் இருவர் விரலில் கட்டுப் போட்டிருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

பிலாயில் முதல் ஊதுலை 1959ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பெற்றது. அதையடுத்த ஆண்டுகளில் தென்னாட்டிலிருந்து ரயிலேறி வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நம்மில் பலர். இரும்போடு பழகிய கைகள் நம்முடையவை. ஆகவே வண்டி நின்றுவிட்டால் மிஸ்திரியைத் தேடிப் போவது நமக்குச் சற்று மானக்குறைவாகத் தோன்றுகிறது. தன் வண்டியைத் தானே செப்பனிடுவது தவறென்று சொல்ல வரவில்லை; காசு மிஞ்சும், வண்டியின் குணமும் தெரியும். நாம் வியப்பது வேறொன்றை.

ஆலையினுள் ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வேண்டுமானால் என்ன செய்கிறோம்? முதலில் அனுமதிச் சீட்டுப் பெறுகிறோம். மின்சாரத்தைத் துண்டித்து, விசையில் பூட்டுப் போட்டு, "ஆள் வேலை செய்கிறார், தொடாதே" என்னும் பலகையைத் தொங்கவிடுகிறோம். பூட்டியவரேதான் திறக்க வேண்டும். தூக்கிய பாரத்தின் கீழ் எவரும் நிற்பதில்லை. வேலை முடிந்தபின் வெறுமனே ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே இயந்திரத்தை ஒப்படைக்கிறோம். அதே மனிதர், ஞாயிற்றுக்கிழமை காலையில், பனியனும் லுங்கியுமாக, நான்கு செங்கற்களின்மேல் காரை ஏற்றிவிட்டு அதனடியில் படுத்துக்கொள்கிறார்! ஆலை வாயிலில் பயின்ற ஒழுக்கம் வீட்டு வாயிலுக்குள் ஏன் வருவதில்லை? நாம் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை அறியாமையால் வருவன அல்ல. அறிந்ததை விட்டுவிடுவதால் வருவன. அவசரமே அதற்கு வித்து. மாலையில் கோயிலுக்குப் போக வேண்டும், அதற்குள் முடித்தாக வேண்டும்.

அந்தச் செங்கல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். சுவரில் பாரத்தைப் பரவலாகத் தாங்கும் செங்கல், ஓர் இரும்பு விளிம்பு ஓரிடத்தில் அழுத்தும்போது பிளந்துவிடுகிறது. பிளக்கும் முன் எச்சரிக்கை எதுவும் தராது. ஜாக்கி மட்டும் போதுமே என்பார் சிலர். ஜாக்கி தூக்குவதற்கு; தாங்கி நிற்பதற்கு அன்று. எண்ணெயால் இயங்கும் ஜாக்கியினுள் ஒரு சிறு ரப்பர் வளையம் கசிந்தால் அது தாழத் தொடங்கும். திருகு ஜாக்கியோ அடி சிறுத்தது. மண் தரையில் புதைந்தால் சாய்ந்துவிடும். சிறிய காரேயானாலும் 600, 700 கிலோ எடையுள்ளது. அது நெஞ்சின்மேல் இறங்கினால், பக்கத்து வீட்டார் ஓடிவந்து தூக்கும் நேரம்கூட இராது. ஆகவே சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் இரும்புத் தாங்கியை முட்டுக் கொடுக்க வேண்டும். தாங்கி வைத்தபின் வண்டியை வெளியில் நின்றபடியே ஒருமுறை அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் கண்டால், நாம் அடியில் இல்லாதபோது காணட்டும்.

சக்கரத்து நட்டுகளைத் தூக்கியபின் தளர்த்த முயல்வதும் இவ்வகைப் பிழையே. இழுக்கும் இழுப்பில் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். திரும்பப் பூட்டுகையில் ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, குறுக்கே குறுக்கே முடுக்கி, கடைசி இறுக்கத்தைத் தரையில் இறக்கியபின் கொடுக்க வேண்டும். ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நிற்கும் வீரர்களும் நம் செக்டரில் உண்டு. அந்த வீரத்தில் போல்ட் நீண்டு பலம் இழக்கிறது.

இனி நாமே செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறர் பிழையை மட்டும் பேசுவது முறையன்று.

நம்மிடம் பழைய சேத்தக் ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. 1972ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த அந்த வண்டியை அறியாத கைகள் இந்த அரங்கில் குறைவு. ஒரு ஞாயிறன்று அதன் பின்சக்கரத்தில் புதிய பிரேக் ஷூ மாட்டினோம். அச்சுக்குக் கிரீஸ் இட்ட அதே விரல்களால் ஷூவையும் பிடித்தோம். லைனிங்கில் கிரீஸ் தடம் பதிந்தது. துணியால் துடைத்தால் போதுமென்று கருதினோம். சக்கரத்தின் நடு நட்டைக் காக்கும் ஸ்பிளிட் பின் கழற்றும்போதே ஒரு கால் முறிந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய கம்பியை வளைத்துச் செருகினோம். அந்தப் பின்னின் விலை ஒரு தேநீருக்கும் குறைவு! முன்பிரேக்கின் கம்பி வடம் பல நாட்களாகவே தளர்ந்திருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விட்டிருந்தோம்.

மாலையில் மனைவியும் ஏழு வயது மகளும் ஏறிக்கொள்ள, கோயிலுக்குப் புறப்பட்டோம். சந்தைக்கு அருகே சரிவான திருப்பத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மிதித்தோம். மிதிகட்டை முழுதும் இறங்கிற்று; வண்டி நிற்கவில்லை. முன்பிரேக்கைப் பிடித்தோம்; அது பெயருக்குப் பிடித்தது. இடப்புறம் குவித்திருந்த மண்மேட்டில் ஏற்றி வண்டியைச் சாய்த்தோம். குழந்தையின் முழங்கால் உரிந்து இரத்தம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மண்மேட்டை அங்கே கொட்டி வைத்தவர்கள் நாமல்லவே!

வீடு திரும்பிக் குழந்தையின் காலுக்கு மருந்திட்டபின் மனைவியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாட்டி முடித்த பிறகு ஒரு தடவையாவது தனியாக ஓட்டிப் பார்த்தீர்களா?" விடை இல்லை. ஆலையில் அப்படி ஒப்படைத்திருந்தால் மறுநாள் விளக்கம் எழுதிக் கொடுத்திருப்போம்.

கிரீஸ் பட்ட லைனிங்கைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது. அது உள்ளே ஊறிவிடும், சூடேறும்போது மறுபடி வெளிவரும். மாற்றிவிடுவதே வழி. மற்றொன்று: டிரம்மினுள் படிந்த தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது; அந்தத் தூள் நுரையீரலுக்குப் பகை. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இக்காலத்து டிஸ்க் பிரேக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. புதிய பேடு மாட்டுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளுகிறோம். அதனால் முதல் சில அழுத்தங்கள் வெற்றழுத்தங்களாகவே போகும். வண்டி நிற்கையிலேயே பலமுறை அழுத்திக் கெட்டிப்படுத்தாமல் தெருவில் இறங்கியவர் முதல் திருப்பத்தில்தான் அதை உணர்வார். பிரேக் எண்ணெய்க்குப் பதிலாக என்ஜின் எண்ணெய் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர்கள் உப்பிக் கெடும்.

காரணத்தைக் காணாமல் கழற்றுவது அடுத்த பிழை. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவனுக்குச் சொன்ன முறை மிஸ்திரிக்கும் பொருந்தும். வண்டி கிளம்பவில்லையா? உடனே கார்புரேட்டரைக் கழற்றித் தட்டில் பரப்பிவிடுகிறோம். பெட்ரோல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்பதில்லை. பிளக்கை மாட்டும்போதும் எடுத்தவுடன் ஸ்பானரால் முடுக்கினால் அலுமினியத் தலையின் மறை கோணலாய் வெட்டிப் போகும். என்ஜின் ஆறியபின், விரல்களாலேயே சில சுற்றுகள் ஏற்றிவிட்டுப் பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். விரலுக்குக் கடினமாயிருந்தால் மறை பொருந்தவில்லை என்று பொருள்.

தாய்மார்கள் பிரஷர் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கியவுடன் திறப்பதுண்டா? திறக்க முயலும் கணவரைத் தடுக்கவும் செய்வார்கள். அந்தக் கணவரே கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திருகுகிறார். இரண்டும் ஒரே சூத்திரம்தான், முகம் வெந்துபோகும்.

பெட்ரோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும். சிறிதளவு மூச்சுக்குழலில் இறங்கினாலும் நுரையீரல் புண்ணாகும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும்; சமையலறை எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்று பார்த்தபின் உதிரிகளைக் கழுவுங்கள். பாட்டரியைக் கழற்றுகையில் எதிர்முனையை முதலில் எடுங்கள்; வண்டியின் உடலே எதிர்முனையாதலால், நேர்முனையைத் திருகும் ஸ்பானர் உடலைத் தொட்டால் நெருப்புப் பறக்கும். பியூஸ் போன இடத்தில் சிகரெட்டுப் பெட்டித் தாளைச் சுற்றி வைப்பவர், உருக வேண்டிய பியூஸைக் காப்பாற்றி, எரியக் கூடாத வண்டியை எரிக்கிறார்.

மின்சார வண்டி வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். சேத்தக் என்னும் பெயரே 2020ஆம் ஆண்டில் மின்சார வண்டியாகத் திரும்பி வந்துவிட்டது. அதில் டயரும் பிரேக்கும் நம் கைக்கு எட்டும் வேலைகள். பாட்டரிப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். இருபது ஆண்டு மின்பிரிவில் பணியாற்றியவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

கையேட்டைப் படித்து, கழற்றும் வரிசையைப் படம் பிடித்து, நட்டுகளைக் கிண்ணங்களில் பிரித்து வைத்து, பகல் வெளிச்சத்தில் முடியாத வேலையை மறுவாரத்துக்கு ஒத்திவைப்பவரிடம் நமக்கு எந்த வழக்கும் இல்லை. ஸ்டியரிங்கிலோ பிரேக்கிலோ ஐயம் தீராவிட்டால், காசைப் பாராமல் மிஸ்திரியிடம் தள்ளிக்கொண்டு போவதும் தன் கையால் செய்யும் வேலையில் சேர்ந்ததே.

கடைசியாக ஓர் அறிவிப்பு. சங்கக் கட்டடத்தின் பின்னறையில், தாங்கும் எடை பொறித்த இரும்புத் தாங்கிகள் இரண்டு இணையும் மரக்கட்டைகள் நான்கும் வாங்கி வைத்திருக்கிறோம். வேண்டுவோர் சனிக்கிழமை மாலை பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். திங்கட்கிழமை இரவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரத்துக்கு இப்போதே மூவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.