ஆழம் தெரியாமல் காலை விடாதே

(மும்பையில் நடந்த நம் சங்கத்தின் ஆனி மாதக் கூட்டத்தில், மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசம் நடக்கும், அல்லது பாட்டுக் கச்சேரி நடக்கும். நான் பி.எஸ்ஸி.யில் பௌதிகம் படித்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் சர்க்கார் ஆபீஸில் ஃபைல் பார்த்தவன். "ஸார், இந்த மாதம் விஞ்ஞானமாக ஏதாவது பேசுங்கள்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். மழை ஆரம்பித்துவிட்டது. இனி ஒவ்வொரு சனி ஞாயிறும் நம் வீட்டுப் பிள்ளைகள் லோனாவாலா, கர்ஜத், மால்ஷேஜ் காட் என்று கிளம்பிவிடுவார்கள். ஆகவே தண்ணீரைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானித்தேன்.

"இளங்கன்று பயமறியாது" என்று ஒரு பழமொழி உண்டு. எங்கள் தலைமுறைப் பையன்களும் அப்படித்தான் இருந்தார்கள். ஆடிப்பெருக்கில் காவேரி இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடும்போது பாலத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து குதிப்பார்கள். அக்கரைக்கு நீந்திப் போய் மாங்காய் பறித்து வருவார்கள். இன்றைக்கு அவர்களெல்லாம் தாத்தாக்கள். ஊஞ்சலில் உட்கார்ந்து பேரன்களுக்கு அந்தக் கதைகளைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தனிப் பிரகாசம் வந்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கதை சொல்கிறவர்கள் எல்லோரும் கரையேறியவர்கள். கரையேறாதவன் கதை சொல்ல வரமாட்டான். "பத்து பேர் குதித்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்று கேட்கும் பேரன், ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்துக்கொள்வான். அந்த ஊரிலேயே ஆற்றோடு போன பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். வீரக் கதைகள் மட்டும் மிஞ்சின.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அந்தப் பையன்களுக்கு முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, ஐந்து ஆறு வயதிலேயே கிணற்றிலோ குளத்திலோ இறக்கிவிட்டிருந்தார்கள். எந்தப் படித்துறையில் சுழல் இருக்கும், எந்த இடத்தில் பாறை இருக்கும் என்று ஊருக்கே தெரியும். பிழைப்புக்காக மும்பை, டில்லி, கல்கத்தா என்று வந்த நாம் ஃபிளாட்டில் குடியேறினோம். கிணறும் போயிற்று, நீச்சலும் போயிற்று. "தண்ணீர்ப் பக்கம் போகாதே, படி" என்ற ஒரே வாக்கியத்தில் பிள்ளை வளர்ப்பு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை பத்தொன்பது வயதில், காலேஜ் சிநேகிதர்களோடு, முன்பின் தெரியாத அருவிக்கு முன்னால் போய் நிற்கிறான். படிப்பில் முதல் ராங்க், தண்ணீரில் ஒன்றாம் வகுப்பு கூட இல்லை!

போகாதே என்று சொன்னால் இருபது வயதுக்குக் காது கேட்காது. காரணத்தைச் சொன்னால் கேட்கும். ஆகவே காரணத்தைச் சொல்கிறேன்.

ஓடும் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கிறது, என்ன ஆகிவிடும் என்பார்கள். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர், முழங்கால் வரை இறங்கி நிற்பவரின் இரண்டு கால்களையும் சேர்த்து சுமார் 7 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். இது சமாளிக்கக் கூடியது. வேகம் இரண்டு மடங்கானால் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வினாடிக்கு 2 மீட்டரில் சுமார் 28 கிலோ. 3 மீட்டரில் 60 கிலோவைத் தாண்டும். அதாவது ஓர் ஆள் முழு பலத்தோடு உங்கள் காலை இடறிவிடுவது போல. காலுக்கடியில் பாசி பிடித்த பாறை வேறு. தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டால் ஆர்க்கிமிடீஸும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிடுவார். மிதப்பு விசையால் உடம்பின் எடை காலில் சரியாக இறங்காது, பிடிமானம் குறைந்துவிடும். இங்கே தைரியமும் உடற்பயிற்சியும் உதவாது.

2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் பூஷி அணைக்கு அருகே நடந்ததைப் பலர் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அருவியின் நடுவே ஒரு பாறையில் ஒரு குடும்பம் ஒருவரை ஒருவர் இறுகப் பற்றிக்கொண்டு நின்றது. சுற்றிலும் ஜனங்கள் இருந்தும் யாராலும் எட்ட முடியவில்லை. ஒரு பெண்மணியும் நான்கு குழந்தைகளும் போய்விட்டார்கள். அவர்கள் போன வேளையில் அது குழந்தைகளை அழைத்துப் போகும்படியான இடமாகத்தான் இருந்திருக்கும். மலையில் மேலே எங்கோ பெய்யும் மழை, கீழே ஓடையாகச் சில நிமிஷங்களில் வந்து சேரும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு தூறல் கூட இருக்க வேண்டியதில்லை. தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, செருப்பையும் பையையும் தேடாமல் கரையேறிவிட வேண்டும்.

மழையே இல்லாமலும் ஆறு பெருகும். 2014 ஜூன் 8 அன்று ஹிமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதிப் பாறைகளில், ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி நீர்மின் திட்டத்தின் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. மாணவர்கள் 24 பேரும், உடன் வந்த சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் மாண்டார்கள். மேலே அணை இருக்கும் ஆற்றில், வறண்டு கிடக்கும் பாறைகள் நடைபாதை ஆகா. அவை இப்போதைக்கு வெளியே தெரியும் ஆற்றின் படுகை.

அடுத்தது ஆழம். பிளஸ் டூ பாடத்தில் ஒளி விலகல் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். தண்ணீரின் விலகல் எண் 1.33. நேர் மேலிருந்து பார்த்தால் 6 அடி ஆழம் நாலரை அடியாகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். நாலரை அடிதானே, நிற்கலாம் என்று இறங்கும் பையனுக்கு அது தலைக்கு மேல். பரீட்சையில் இந்தக் கணக்கை நூற்றுக்கு நூறு போட்டவனும் குளக்கரையில் அதை மறந்துவிடுகிறான்.

கலங்கிய தண்ணீரில் தலைகீழாகப் பாய்வது இதைவிட மோசம். 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவன் நீரைத் தொடும்போது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிறான். அடியில் பாறை இருந்தால் அந்த வேகம் முழுவதும் கழுத்தெலும்பில் இறங்கும். உயிர் பிழைத்தாலும் கை கால் விளங்காமல் போகலாம். லீவில் சொந்த ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: தாத்தா குதித்த அதே ஆறு என்று நம்ப வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் இன்று பல ஆறுகளில் உண்டு. முழங்கால் அளவில் நடந்துகொண்டே இருப்பவன் அடுத்த அடியில் காணாமல் போய்விடுவான்.

நம் ஊர்க் கடலுக்கு வருவோம். அமாவாசைத் தர்ப்பணம் செய்பவர்களுக்குப் பஞ்சாங்கம் கைவசம் இருக்கும். அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த ஓரிரு நாட்கள் ஆகியவற்றில் சூரியனும் சந்திரனும் ஒரே வரிசையில் நின்று கடலை இழுப்பதால் ஏற்றம் அதிகமாக இருக்கும். மழைக்கால மும்பையில் சில நாட்களில் அது நாலரை மீட்டரைத் தாண்டும். அந்த நாட்களில் ஏற்றம் பெரும்பாலும் நடுப்பகலை ஒட்டி வரும். பிள்ளைகள் காலையில் நீர் வடிந்திருக்கும்போது பாறைகளில் நடந்து வெகுதூரம் போய் உட்காருவார்கள். திரும்பிப் பார்க்கும்போது வந்த வழி தண்ணீருக்குள் இருக்கும்.

2016 ஜனவரியில் பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்டில் பாறையில் நின்று செல்ஃபி எடுத்த மூன்று பெண்கள் கடலில் விழுந்தார்கள். அங்கிருந்த ஒருவர் குதித்து இருவரைக் காப்பாற்றினார். மூன்றாவது பெண்ணைக் காப்பாற்றப் போனபோது அவரும் அந்தப் பெண்ணோடு மூழ்கிப் போனார். அதன் பிறகு மும்பை போலீஸ், செல்ஃபி எடுக்கக் கூடாத இடங்கள் என்று ஒரு பட்டியலே தயாரித்தது. முங்குகிறவன் அருகில் வருகிறவரை ஏணியாக நினைத்து ஏறப் பார்ப்பான். அது அவன் குற்றமில்லை, உயிர்ப் பயம். ஆகவே கரையில் இருப்பவர்கள் குதிக்கக் கூடாது, வீச வேண்டும். கயிறு இல்லாவிட்டால் வேஷ்டி, புடவை, துப்பட்டா, இரண்டை முடிந்தால் நீளம் கிடைக்கும். மூடிய காலி பிளாஸ்டிக் கேன் ஒன்று ஓர் ஆளை மிதக்க வைக்கும்.

ஓட்டத்தில் அகப்பட்டவன் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, ஓட்டம் போகும் திசையில் காலை நீட்டி மிதந்தபடி கரைப் பக்கம் ஒதுங்க வேண்டும். கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர் நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அகலம் குறைந்தது. சிறிது தூரத்தில் விட்டுவிடும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, நம் நாட்டில் ஆண்டுதோறும் 30,000 பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் துடுக்குத்தனம் செய்தவர்கள் அல்லர். பலர் குளிக்கப் போனவர்கள், துணி துவைக்கப் போனவர்கள். ஆனால் பிக்னிக் போய் இறப்பவர்களை நாம் தடுத்திருக்க முடியும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். உபநயனத்துக்கு மண்டபம், சமையல், வீடியோ என்று தாராளமாகச் செலவு செய்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே வயதில் பையனுக்கும், அவன் தங்கைக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்க ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். அடுத்த கோடை விடுமுறையில் சங்கமே ஒரு நீச்சல் குளத்தோடு பேசி, குழந்தைகளுக்கு ஒரு மாதப் பயிற்சி ஏற்பாடு செய்யலாம். வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளின் கட்டணத்தை நம்மில் சிலர் ஏற்றுக்கொள்ளலாம். என் பங்காக முதல் இரண்டு குழந்தைகளின் கட்டணத்தை இன்றே காரியதரிசியிடம் கொடுத்துவிடுகிறேன்.

தாத்தாக்களுக்கும் ஒரு வார்த்தை. கதை சொல்லுங்கள், நிறுத்த வேண்டாம். ஆனால் கரையேறாமல் போனவனையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.