வாக்குக்கு ஈடாக ஒரு பாடசாலை
(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் லயத்துக்கு வருவார்கள். அவர்களிடம் நாம் என்ன கேட்கிறோம்? கூரைத் தகரம், கோயிலுக்குச் சீமெந்து. 1880ஆம் ஆண்டில் ஒரு தொழிலாளி கேட்டதை இன்று சொல்கிறேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்றொரு ஊர். பருத்தித் தோட்டங்கள் நிறைந்த பகுதி. அங்கே லூயிஸ் அடம்ஸ் என்ற தகர வேலைக்காரர் இருந்தார். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். கறுப்பு மக்களின் வாக்கைத் திரட்டித் தரும்படி ஒரு வெள்ளைக்கார வேட்பாளர் அவரிடம் வந்தார். அடம்ஸ் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. தன் மக்களுக்கு ஒரு பாடசாலை கேட்டார்.

வேட்பாளர் வென்றார். 1881இல் அரசு வருடத்துக்கு 2,000 டொலர் ஒதுக்கியது. அது ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். காணியும் இல்லை, கட்டடமும் இல்லை. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வொஷிங்டன் அதிபராக வந்தார். 30 மாணவர்களோடு ஒழுகும் குடிசையில் பாடம் தொடங்கியது. பிறகு, கைவிடப்பட்ட பழைய தோட்டம் ஒன்றை 500 டொலருக்கு வாங்கினார்கள். குதிரை லாயமும் கோழிக்கூடும் வகுப்பறைகளாயின. கட்டடத்துக்கு மாணவர்களே செங்கல் அறுத்தார்கள். சூளை மூன்று முறை பாழானது. நான்காம் முறைக்கு வொஷிங்டன் தன் கடிகாரத்தை அடகு வைத்தார். கல் வெந்தது.

ஆனால் 1901இல் அலபாமா புதிய அரசியலமைப்பை எழுதி, கறுப்பு மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட நமக்கு அந்த வலி தெரியும். தொழிலைக் கற்றால் உரிமை தானாக வரும் என்றார் வொஷிங்டன். உரிமையைக் கேட்டுப் போராடாமல் எதுவும் நிலைக்காது என்று டு போய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் மறுத்தார். நடந்ததைப் பாருங்கள்.

1957இல் டஸ்கீகி நகரின் எல்லையை 28 பக்கங்களாக வளைத்து வெட்டி, கறுப்பின வாக்காளர்களில் ஏறக்குறைய எல்லோரையும் நகருக்கு வெளியே தள்ளினார்கள். வழக்குப் போட்டவர் யார்? அதே டஸ்கீகிக் கல்லூரியின் ஆசிரியர் சார்ள்ஸ் கொமிலியன். 1960இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வாக்கு பெற்றுத் தந்த பாடசாலை, பறிபோன வாக்குக்காக வழக்காடி வென்றது. இன்று அது பல்கலைக்கழகம்.

தோழர்களே, தகரம் துருப்பிடிக்கும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் நம் பாடசாலைக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களைக் கேட்போம். தனித்தனியாக அல்ல, சங்கமாகக் கேட்போம்.