பழைய விமானம் ஒன்று விலைக்கு வந்தது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பாகூர்க்காரன் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டார். ஓட்டிய கதை சின்னது. விமானம் வாங்கப் போன கதைதான் பெரியது. அதையே சொல்லிவிடுகிறேன்.

1993-ல் நானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துச் சென்னை போய், மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் பறக்கக் கற்றுக்கொண்டிருந்தோம். (அவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.) எனக்கு 14 மணி நேரம் முடிந்திருந்தது. சொந்த விமானம் ஓட்டும் லைசென்ஸுக்கு இன்றைய விதிப்படி 40 மணி நேரம் வேண்டும். மழை வந்தால் வகுப்பு இல்லை, விமானம் பழுதானால் வகுப்பு இல்லை. நமக்கே ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

அப்போதுதான் வடக்கே ஒரு ஊரில் பழைய ‘புஷ்பக்’ விலைக்கு வருகிறது என்று சேதி வந்தது. மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: புஷ்பக் பெங்களூர் எச்.ஏ.எல். செய்த விமானம். காட்கே அவர்களின் குழு வடிவமைத்தது. 1958-ல் முதன்முதல் பறந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். 90 குதிரைசக்தி எஞ்சின். எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் துணி. ஆமாம், துணிதான்! நம் நாட்டுப் பறக்கும் கிளப்புகளுக்கென்றே செய்தது.

போய்ப் பார்த்தோம். புதுப் பெயிண்ட், வெள்ளையும் நீலமுமாக. நான் இருக்கையில் உட்கார்ந்து கம்பைப் பிடித்தேன். அவ்வளவுதான், புத்தி போய்விட்டது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தோம். நண்பர் பங்குக்கு அவர் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. மீதிப் பணத்துக்கு நான் அரைக்காணி நிலத்தை விற்பதாகப் பேச்சு.

அப்பாவிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், “இன்னாடா, ஏரோப்ளேன் வாங்கறியாமே? வில்லியனூர்த் தேருக்குக்கூடப் பெயிண்ட் மட்டுமா பாப்பாங்க? அச்சு, சக்கரம் பாத்தியா?” என்றார்.

நான் பார்க்கவில்லை. ஆனால் பதில் தயாராக வைத்திருந்தேன். ஏமி ஜான்சன் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தில் ஹல் என்ற ஊரில் மீன் வியாபாரி மகள். 1929-ல் லைசென்ஸ் வாங்கினாள். மறுவருஷமே 600 பவுனுக்கு இரண்டு வருஷப் பழைய ‘ஜிப்ஸி மாத்’ ஒன்றை வாங்கி, தன்னந்தனியாக ஆஸ்திரேலியா புறப்பட்டாள். மே 5-ல் கிளம்பி 24-ல் டார்வினில் இறங்கினாள். வழியில் கராச்சி, ஜான்சி, கல்கத்தா எல்லாம் உண்டு. ரங்கூன் பக்கம் இன்செயினில் விமானம் பள்ளத்தில் இறங்கி இறக்கை கிழிந்தபோது, உலகப்போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகளைப் பிரித்து ஒட்டுப்போட்டார்கள். பழைய விமானம் என்ன செய்துவிடும் என்று கேட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான் விடவில்லை. லைசென்ஸ் உள்ள விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிப்போகச் சொன்னார். போனோம். அவர் பெயிண்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. லாக்புத்தகத்தைக் கேட்டார். வாரம் ஒருமுறை எஞ்சின் ஓடுகிறது என்று விற்பவர் சொன்னார். புத்தகத்தில் மூன்று வருஷமாக ஒரு வரிகூட இல்லை. ஓடாத எஞ்சின் புதுசு மாதிரிதானே என்றேன். “ஓடாம நின்னா உள்ளே துருப்பிடிக்கும் சார்,” என்றார்.

பிறகு வாலுக்கடியில் போய்ப் படுத்தார். வால்சக்கர விமானம் நிற்கும்போது மூக்கு தூக்கி, வால் தாழ்ந்திருக்கும். உள்ளே இறங்கும் தண்ணீர் முழுக்க வாலுக்குத்தான் வரும். அதற்காகத் துணியில் வைத்திருந்த ஓட்டைகளைப் புதுப் பெயிண்ட் அடைத்திருந்தது. உடைமைக்காரரிடம் அனுமதி கேட்டுத் துணியைக் கொஞ்சம் திறந்து, அடிக்குழாயில் குத்தூசியை வைத்து அழுத்தினார். ஊசி உள்ளே போய்விட்டது. எஃகில், பிஸ்கட்டில் போவது போல!

அந்த அரை மணிதான் நான் கட்டிய பணத்துக்கெல்லாம் பெரிய பாடம். ஏமி ஜான்சன் கதையில் நான் விட்ட பக்கம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. லைசென்ஸ் வாங்கிய அதே 1929-ல் அந்தப் பெண் விமான மெக்கானிக் லைசென்ஸும் வாங்கியிருந்தாள். ஹாங்கரில் கிரீஸ் பூசிக்கொண்டு எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கை அது. எனக்கு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றக்கூடத் தெரியாது.

நிலம் தப்பியது. அட்வான்ஸ் தப்பவில்லை. விற்றவர் கொடுக்கவேயில்லை, நாங்களும் ரசீது வாங்கியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பொறியாளர் பின்னால் ஹாங்கரில் நின்று பிளக் துடைத்தேன். இரண்டு வருஷம் கழித்து லைசென்ஸ் வந்தது. சொந்த விமானம் இன்றுவரை இல்லை. தோழர் பறப்பதையே விட்டுவிட்டார். அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அந்தச் சங்கிலியை மீட்டதில் என் பங்கு பாக்கி இருக்கிறது என்று அவர் வீட்டம்மா சொல்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கணக்குப் பார்த்துக்கொள்கிறோம்.