நிறைகோல் அளித்த தீர்ப்பு



திண்பொருள் ஒன்றின் அடர்த்தியை அளப்பது பள்ளி மாணவரும் ஆய்வகத்தில் செய்யும் எளிய வேலை என்றே பலரும் கருதுவர். நிறையைப் பருமனால் வகுத்தால் விடை வந்துவிடும் என்பர். ஆயின், அவ்விடையில் நேர்ந்த ஒரு பிழை, வேதியியலின் அடித்தளத்தையே ஐயத்திற்கு உள்ளாக்கிய வரலாறும் உண்டு.

உருசிய அறிஞர் மெண்டலீவ் தம் தனிம வரிசைப் பட்டியலில் சில கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தார். அலுமினியத்தின் கீழ் அமர வேண்டிய தனிமம் இனிமேல்தான் கண்டறியப்படும் என்றும், அதன் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 5.9 மடங்கு இருக்கும் என்றும் 1871-இல் முன்னுரைத்தார். அவர் அம்மாழையைக் கண்ணாலும் கண்டதில்லை. 1875-இல் பிரெஞ்சு வேதியியலார் லெக்கோக் து புவாபோதிரான் துத்தநாகக் கனிமத்தில் புதிய மாழை ஒன்றைக் கண்டறிந்து, காலியம் எனப் பெயரிட்டார். அதன் அடர்த்தியை அளந்தார். கிடைத்த விடையோ 4.7! பட்டியல் பொய்யா? அளவை பொய்யா?

இங்கே அளக்கும் முறையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒப்படர்த்திக் குப்பி ஒன்றின் எடை 20 கிராம் என்று கொள்வோம். நீர் நிறைத்தால் 45 கிராம். நீரை நீக்கி, உலர்த்தி, பொருளை மட்டும் இட்டால் 25.9 கிராம், ஆகவே பொருளின் நிறை 5.9 கிராம். அதன்மேல் நீர் நிறைத்தால் 49.9 கிராம். அஃதாவது, 25 கிராம் நீர் கொண்ட குப்பி இப்போது 24 கிராமே கொள்கிறது. விலகிய நீர் 1 கிராம், பொருளின் பருமன் 1 கன சென்டிமீட்டர், அடர்த்தி 5.9.

அப்பொருளின்மேல் கால் கன சென்டிமீட்டர் அளவுக்குக் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டால் என்னாகும்? நிறை மாறாது, பருமன் மட்டும் 1.25 ஆகத் தோன்றும். விடை 4.7 ஆகிவிடும்! நிறைகோல் பொய் சொல்லவில்லை. அளந்தவர் காற்றையும் பொருளாகக் கணக்கிட்டுவிட்டார். இதனாலன்றோ நீரைக் கொதிக்க வைத்து ஆற்றுவதும், குப்பியின் காற்றை உறிஞ்சி நீக்குவதும், வெப்பநிலையை ஒரே அளவில் காப்பதும் இன்றியமையாதனவாயின. உப்பும் மயில்துத்தமும் நீரில் கரைவன. அவற்றுக்கு மண்ணெண்ணெய் போன்ற கரைக்காத நீர்மம் வேண்டும். அந் நீர்மத்தின் அடர்த்தியும் கணக்கில் சேர வேண்டும். காலியமோ 29.8 பாகையிலேயே உருகுவது. உருகினால் அதன் அடர்த்தி கூடுவது. நம் நாட்டுக் கோடையில் காப்பின்றி அளந்தால், திண்பொருளை விட்டு நீர்மத்தை அளந்ததாகவே முடியும்.

மெண்டலீவ் தம் கணிப்பினின்று பிறழவில்லை. புவாபோதிரானும் தம் முதல் விடையைப் பற்றிக்கொண்டு வழக்காடவில்லை. மாழையை மேலும் தூய்மையாக்கி, 1876-இல் மீண்டும் அளந்தார். விடை 5.9! இன்றைய அளவீடும் 5.91 என்றே காட்டுகிறது.

கண்டவர் கூற்றென்று முதல் விடையை ஏற்றிருந்தால் உண்மை மறைந்திருக்கும். பேரறிஞர் கூற்றென்று கணிப்பை மட்டும் ஏற்றிருந்தாலோ அது வெறும் நம்பிக்கையாய் நின்றிருக்கும். இருவருக்கும் இடையே தீர்ப்பளித்தது, செப்பமாய்ச் செய்த இரண்டாம் நிறுவையே. தன் விடையையே மீண்டும் நிறுத்துப் பார்க்கத் துணிபவனே அறிவியலுக்கு உரியவன். அத் துணிவு நம் இளைஞர்தம் ஆய்வகங்களில் ஓங்குக!